டிஃபரன்ஷியல் லாக்

டிஃபரன்ஷியல் லாக் என்பது ஒரே அச்சில் உள்ள இடது, வலது சக்கரங்களைத் தற்காலிகமாகப் பிணைத்து, இரண்டையும் ஒரே வேகத்தில் சுழல வைக்கும் அமைப்பு. டிராக்டர், டிப்பர் லாரி, நான்கு சக்கர இழுவை கொண்ட ஜீப் வகை வண்டிகள், ஏ.டி.வி. எனப்படும் கரடுமுரடான நிலத்துக்கான சிறு வண்டிகள் ஆகியவற்றில் இது உண்டு. தமிழ்நாட்டில் இதை அன்றாடம் கையாள்பவர்கள், சரியாகச் சொன்னால் காலாள்பவர்கள், டிராக்டர் ஓட்டுநர்களே. அவர்கள் பேச்சில் இது வெறும் 'லாக்'.

லாக்கைப் பெரும்பாலும் தேட வேண்டியிருப்பது மேடேறும்போது. காஞ்சிபுரம் வட்டத்து முசரவாக்கம் போன்ற ஊர்களில் மேடு என்றால் மலை அல்ல. ஏரிக்கரை, வாய்க்கால் கரை, வயலிலிருந்து வண்டிப்பாதைக்கு ஏறும் சரிவு, மண் அள்ளும் குழியிலிருந்து வெளியே வரும் தடம் ஆகியவைதான் மேடுகள். உயரம் பத்து, பதினைந்து அடிதான் இருக்கும். ஆனால் அடியில் ஈரம், மேலே காய்ந்த சரளை, பின்னால் பாரம் ஏற்றிய டிரெய்லர் என மூன்றும் சேரும் இடம் அது. லாக் தேவைப்படுவதும் அங்கேதான், அது ஆபத்தாவதும் அங்கேதான்.

ஏன் டிஃபரன்ஷியல், ஏன் லாக்

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இடைவெளி 1.3 மீட்டர் என்றும், டிராக்டர் 4 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்றும் கொண்டால், வெளிச்சக்கரம் உள்சக்கரத்தைவிடச் சுமார் 39 சதவீதம் அதிகமாக உருள வேண்டியிருக்கும். இரண்டும் ஒரே இரும்புத் தண்டில் மாட்டப்பட்டிருந்தால் ஏதாவது ஒரு டயர் தரையில் தேய்ந்தே தீரும். இதற்கு விடையாக வந்ததுதான் டிஃபரன்ஷியல். 1820களின் இறுதியில் பிரான்சைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் நீராவி வண்டிக்காக இதை வடிவமைத்துக் காப்புரிமை பெற்றார். என்ஜின் விசையை வாங்கும் கிரவுன் சக்கரத்தோடு சுழலும் கூண்டுக்குள் இருக்கும் சிறு பற்சக்கரங்கள், இரு பக்கத் தண்டுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம் கொடுக்கும்.

அந்தத் தாராளம்தான் சேற்றில் வினையாகிறது. சாதாரண டிஃபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் சமமான திருகுவிசையையே கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் பிடி இல்லாமல் நின்றால், அதைச் சுழற்றத் தேவைப்படும் சிறு விசை அளவே மறுபக்கத்துக்கும் போகும். நல்ல தரையில் நிற்கும் சக்கரம் அசையாது, சேற்றுச் சக்கரம் இருமடங்கு வேகத்தில் சுற்றிக் குழி தோண்டும்.

கணக்காகப் பார்ப்போம். 2 டன் டிராக்டர் 4 டன் பாரத்துடன் பத்தடிக்கு ஓரடி உயரும் சரிவில் ஏறுகிறது. சரிவுக்காக மட்டும் 600 கிலோ அளவு தள்ளுவிசை வேண்டும், மண்ணின் தடை அதற்கு மேல். சரளையில் இருக்கும் வலது டயர் 800 கிலோவும், ஈர மண்ணில் இருக்கும் இடது டயர் 100 கிலோவும் தள்ளக்கூடியவை என்றால், லாக் இல்லாதபோது கிடைப்பது 100-உம் 100-உம் சேர்ந்து 200 கிலோ மட்டுமே. லாக் போட்டால் 900. என்ஜின் பலத்தில் எந்த மாற்றமும் இல்லை. வீணாய்ப் போன வலது டயரின் பிடி கணக்கில் சேர்ந்தது, அவ்வளவுதான். இரு டயருமே வழுவழுப்பான களியில் இருந்தால் லாக் போட்டும் பயனில்லை.

டிராக்டரில் அதன் இடம்

நம் டிராக்டர்களில் பெரும்பாலும் இருக்கைக்குக் கீழே, வலது குதிகாலுக்கு எட்டும் இடத்தில் ஒரு சிறு பெடலாக லாக் இருக்கும். மிதித்தால் பற்கள் கொண்ட ஒரு வளையம் நகர்ந்து, பக்கத் தண்டைக் கூண்டோடு கோத்துவிடும். காலை எடுத்ததும் ஸ்பிரிங் அதைப் பின்னுக்கு இழுக்கும். 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்ட டாஃபே நிறுவனம் செம்பியத்தில் செய்த மாஸி ஃபெர்குசன் டிராக்டர்கள் வடதமிழ்நாட்டு உழவர்களுக்கு நன்கு பழகியவை. காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே நெடுஞ்சாலையிலேயே போனால் வரும் இராணிப்பேட்டையில் சேம் டாய்ட்ஸ் ஃபார் நிறுவனத்தின் டிராக்டர் ஆலை உள்ளது. எந்த நிறுவனத்தின் வண்டியானாலும் லாக்கின் அடிப்படை இதுதான்.

இந்த அமைப்பில் பலர் கவனிக்காத ஒரு சிக்கல் உண்டு. பிரேக் பெடலும் வலது காலுக்குத்தான். குதிகால் லாக்கை அழுத்திக்கொண்டிருக்கும் வரை அந்தக் கால் பிரேக்கில் இருக்க முடியாது. சமதளத்து உழவில் இது ஒரு பொருட்டே அல்ல. சரிவில் வண்டி பின்னுக்கு நழுவத் தொடங்கினால் இதுவே எல்லாம்.

ஏரியிலிருந்து மண் ஏற்றி வருதல்

குடிமராமத்துத் திட்டம் 2017-இல் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலம் ஏரியில் தொடங்கிவைக்கப்பட்ட பிறகு, தூர் வாரிய வண்டல் மண்ணை உழவர்கள் தம் நிலத்துக்குக் கொண்டுபோவது மீண்டும் பெருகியது. கோடையில் நீர் வற்றிய ஏரிக்குள் டிராக்டர்கள் வரிசையாக இறங்கும். மேல்மண் வெடித்துக் காய்ந்திருக்கும், ஓரடி தோண்டினால் களி ஈரமாகவே இருக்கும். நாலு நடை போனதும் வெளியேறும் தடத்தில் ஒரு பக்கம் அரைபட்டுக் குழைந்துவிடும்.

அந்த இடத்தில் அனுபவசாலி செய்வதைப் பார்த்தால் முறை புரியும். ஏறுவதற்கு முன்பே வண்டியை நிறுத்திவிடுவார். கீழ் கியர், சரிவின் நடுவே மாற்றத் தேவைப்படாத ஒன்று. கால் ஆக்சிலேட்டரை விட்டுக் கை ஆக்சிலேட்டரில் வேகத்தை நிலைப்படுத்துவார். இடது, வலது பிரேக் பெடல்கள் கொக்கியால் பிணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று ஒரு பார்வை. முன்சக்கரங்களை நேராக்கி, கிளட்சை மிதித்து, சக்கரங்கள் நின்ற நிலையில் லாக்கைப் போட்டு, கிளட்சை மெல்ல விடுவார். கெட்டித் தரை வந்ததும் குதிகாலை எடுத்துவிடுவார். கரை உச்சியில் திருப்பம் அதற்குப் பிறகுதான்.

பழகாதவர் இதைத் தலைகீழாகச் செய்கிறார். பாதி மேட்டில் இடது டயர் சேற்றை வாரி இறைக்கத் தொடங்கியதும், கீழே நிற்பவர் "அண்ணே, லாக்கைப் போடுங்கண்ணே" என்று கத்துவார். சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே மிதித்தால் இரண்டு விளைவுகள் ஏற்படலாம். ஒன்று, வேறுபட்ட வேகத்தில் ஓடும் பற்கள் மோதி உடையும், அல்லது பக்கத் தண்டு முறியும், செலவோடு போகும். மற்றொன்று, பற்கள் சட்டெனக் கோத்து, இரு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடித்து, முன்பக்கம் தூக்கும். அங்கே போவது உயிர்.

பின்னோக்கிக் கவிழ்தல்

டிராக்டரின் பின்சக்கரங்கள் நகர முடியாமல் பிடித்துக்கொண்டால், என்ஜினின் திருகுவிசை வண்டியின் உடலையே பின் அச்சைச் சுற்றித் தூக்க முயலும். மீட்க முடியாத கோணத்தை எட்ட முக்கால் விநாடியே போதும் என்று பாதுகாப்புக் கையேடுகள் கணக்கிடுகின்றன. முன்சக்கரம் எழுவதை மூளை உணர்ந்து கால் கிளட்சுக்குப் போவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆகவே லாக்கோடு மேடேறும்போது இடது கால் கிளட்சின் மேலேயே இருக்க வேண்டும் என்பது வெறும் சம்பிரதாயமல்ல.

லாக் போட்டிருப்பது இந்த அபாயத்தைக் கூட்டுகிறது. லாக் இல்லாதபோது ஒரு சக்கரம் சிக்கினாலும் மற்றது சுழன்று விசையை வடித்துவிடும், அது ஒருவகையில் பாதுகாப்பு வால்வு. பிணைத்தபின் அந்த வடிகால் இல்லை. சேற்றில் மாட்டிய வண்டியை எடுக்கப் பின்சக்கரத்தோடு மரக்கட்டையைக் கட்டி, லாக்கைப் போட்டு, ஆக்சிலேட்டரை ஏற்றும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. இதைவிட மோசமான யோசனை டிராக்டர் ஓட்டுதலில் இல்லை. கட்டை மண்ணில் ஊன்றிச் சக்கரம் நின்றுவிட்டால், சுழலக்கூடியது ஓட்டுநர் அமர்ந்திருக்கும் பகுதி மட்டுமே. சேற்று உழவுக்குக் கேஜ் வீல் எனும் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டர் வரப்பில் முட்டி ஏறும்போதும் இதே நிலைதான். வரப்பை வெட்டிச் சரிவாக்கிவிட்டு ஏற வேண்டும். டிரெய்லர் இல்லாத வண்டியானால் செங்குத்தான கரையில் ரிவர்ஸில் ஏறுவது மேல்.

இழுவைச் சங்கிலியை எங்கே மாட்டுகிறோம் என்பதும் இந்த அபாயத்தில் சேர்ந்தது. அச்சுக்குக் கீழே உள்ள டிராபாரில் மாட்டினால் இழுப்பு முன்பக்கத்தை அழுத்திவைக்க உதவும். அச்சிலோ மேல் இணைப்பிலோ மாட்டினால் அதே இழுப்பு வண்டியைப் பின்னால் சாய்க்கும். மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சில் நிற்க வேண்டும் என்பது பொதுவிதி. முன்பக்கம் மாட்டும் இரும்பு எடைகளைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மண் ஓட்டப் போவது தவறு. கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் சட்டகத்தைப் புதிய டிராக்டர்களுக்குச் சுவீடன் 1959-லேயே கட்டாயமாக்கியது. நம் வயல்களில் ஓடுபவற்றில் பெரும்பாலானவற்றில் இன்றும் அது இல்லை, வெயிலுக்குப் போட்ட கூரைதான் இருக்கிறது.

பக்கச் சரிவு

கரையின் விலாவில் குறுக்காகச் செல்லும்போது லாக் கூடாது. சுழன்று வழுக்கும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடியும் போய்விடும். லாக் இல்லாதபோது ஒரு டயர் வழுக்கினாலும் சுழலாத மற்றது வண்டியைச் சரிவில் நிறுத்திவைக்கும். பிணைத்த நிலையில் வழுக்கினால் இரண்டும் சேர்ந்தே வழுக்கி, வண்டியின் பின்பகுதி அப்படியே கீழே இறங்கும். அதோடு, பிணைத்த சக்கரங்கள் நேராகவே போகப் பார்க்கும். ஸ்டியரிங்கை ஒடித்தாலும் முன்சக்கரம் மண்ணைச் சீவிக்கொண்டு நேராகப் போகும். ஒற்றைப் பிரேக்கை லேசாக மிதித்துச் சுழலும் சக்கரத்தை அடக்கும் பழைய உத்தி சமதளத்தில் சரி. சரிவில் அது முகப்பை ஒரு பக்கம் இழுத்துவிடும்.

ஏ.டி.வி.யில்

ஹோண்டா 1970-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மூன்று சக்கர வண்டியிலிருந்து ஏ.டி.வி. வகை வளர்ந்தது. கவிழும் விபத்துகளால் 1988-இல் அமெரிக்காவில் மூன்று சக்கர வகையின் விற்பனை நின்றுபோனது. விளையாட்டு வகை ஏ.டி.வி.க்கள் பலவற்றில் பின் அச்சில் டிஃபரன்ஷியலே கிடையாது, எப்போதும் பிணைத்த நிலைதான். அதனால்தான் வளைவில் உடலைச் சாய்த்து உள்சக்கரத்தின் பாரத்தைக் குறைக்க வேண்டியிருக்கிறது. 2007 முதல் நடக்கும் பஹா எஸ்.ஏ.இ. இந்தியா போட்டிக்கு வண்டி கட்டும் பொறியியல் மாணவர்களில் பலரும் எடையைக் குறைக்க இதேபோல் டிஃபரன்ஷியலை விட்டுவிடுகிறார்கள். பெரிய வகைகளில் முன் அச்சுக்கு லாக் உண்டு, கைப்பிடியில் உள்ள சுவிட்சால் இயங்கும்.

தமிழ்நாட்டில் ஏ.டி.வி. பெரும்பாலும் பொழுதுபோக்கு இடங்களில் வாடகைக்கு ஓடுவது. போலாரிஸ் நிறுவனம் தன் சில வகைகளை இந்தியாவில் டிராக்டர் என்ற பிரிவிலேயே சாலைக்கு ஏற்றதாக விற்றிருக்கிறது. டிராக்டருக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு, ஓட்டுபவரின் எடை. 300 கிலோ வண்டியில் 70 கிலோ ஆள் எங்கே சாய்கிறார் என்பது வண்டியின் சமநிலையையே மாற்றும். ஏறும்போது உடல் முன்னே சாய வேண்டும், சரிவை நேராக எதிர்கொள்ள வேண்டும், ஆக்சிலேட்டர் சீராக இருக்க வேண்டும். முன் லாக் போட்டால் கைப்பிடி கனத்துவிடும். கல் ஒன்றில் மோதினால் கைப்பிடி கையை முறுக்கும் என்பதால், தடம் நேராக இருக்கும்போது மட்டும் போட்டு, திருப்பத்துக்கு முன் எடுத்துவிட வேண்டும். எவ்வளவு சரிவு வரை ஏறலாம் என்பதற்குப் பல கையேடுகள் 15 முதல் 25 பாகைக்குள் வரம்பு வைக்கின்றன.

பாதியில் நின்றுவிட்டால் திரும்ப முயலக் கூடாது. பின்னுக்கு உருளத் தொடங்கினால் எடையை மேட்டுப் பக்கமே வைத்து, முன் பிரேக்கைப் படிப்படியாகப் பிடித்து, வண்டி முழுதாக நின்ற பிறகே பின் பிரேக். பின் பிரேக்கை முதலில் இறுக்கினால் வண்டி பின்னால் புரளும். இறங்குவது மேட்டுப் பக்கமாக.

பிற வண்டிகள்

டிப்பர் லாரிகளில் டாஷ்போர்டு சுவிட்சால் இயங்கும் லாக் இருக்கும். இரு பின் அச்சுகள் உள்ளவற்றில் அச்சுகளுக்கு இடையேயும் ஒன்று இருக்கும். மஹிந்திரா தாரின் சில வகைகளில் பின் லாக் தானாகவே விழும். ஃபோர்ஸ் கூர்க்காவில் முன்னும் பின்னும் ஓட்டுநரே போட வேண்டியவை. தார்ச்சாலையில் எதிலும் லாக் கூடாது.

பராமரிப்பு

காலை எடுத்தும் லாக் விடாமல் இருப்பது உண்டு. விசை இறுகியிருப்பதே பெரும்பாலும் காரணம். நேராக ஓடும்போது ஆக்சிலேட்டரைக் குறைத்தால் விடும். விடாவிட்டால் சமதளத்தில், மிக மெதுவாக, இடது அல்லது வலது பிரேக்கை லேசாகத் தட்டிப் பார்க்கலாம். அதற்கும் விடவில்லையென்றால் ஸ்பிரிங் துருப்பிடித்திருக்கும், அல்லது பெடல் முளையில் களி காய்ந்து இறுகியிருக்கும். சேற்று உழவு முடிந்ததும் அந்த இடத்தைக் கழுவி, கிரீஸ் வைத்து, பெடலை மிதித்துத் தானாக மேலெழுகிறதா என்று பார்த்த பிறகே வண்டியைச் சாலையில் ஏற்ற வேண்டும்.