வளைகோடும் மனப்படமும்: கெலிஓயா அயலில் சித்திரப் பயிற்சி

கெலிஓயா பேராதனை–கம்பளை வீதியில் உள்ள சிறு நகரம். அதன் மேற்கே சில கிலோமீற்றர் தூரத்தில், கம்பளை அரசுக் காலத்தில், அதாவது 14ஆம் நூற்றாண்டில் எழுந்த எம்பக்க தேவாலயம் இருக்கிறது. அதன் மேள மண்டபத்து மரத்தூண்களைச் செதுக்கியவர் தேவேந்திர மூலாச்சாரி என்பது மரபுச் செய்தி. ஒவ்வொரு தூணிலும் சதுரச் சட்டங்கள் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருகின்றன. ஆனால் சட்டத்துக்குள் இருப்பது மாறிக்கொண்டே போகிறது: மல்லர்கள், பின்னிய கழுத்துடைய அன்னங்கள், இருதலைப் பறவை, பாலூட்டும் தாய், குதிரை வீரன். அளவு ஒன்றாக இருந்தும் சிற்பிக்குச் சலிப்பு வரவில்லை.

இப்பகுதிக் கலைஞர் கண்டி அரசுக் காலத்தில் எப்படிப் பயின்றார்கள் என்பதை எழுதிவைத்தவர் ஆனந்த குமாரசுவாமி. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிம ஆய்வுக்குத் தலைமை வகித்த அவர், கற்களைத் தேடிய பயணங்களில் கைவினைஞரையும் கண்டார். 1908இல் வெளியான ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ அதன் விளைவு. சித்திரம் பழகும் சிறுவனின் முதற்பாடம் ‘வக தெக’ எனும் இரட்டை வளைவு. கை அதில் தேறிய பின்பே பூவும் கொடியும் விலங்கும் தெய்வ உருவும் வரும். எதிரே மாதிரிப் பொருள் கிடையாது. ‘ரூபாவலிய’, ‘சாரிபுத்ர’ போன்ற வடமொழி நூல்களின் இலக்கணச் செய்யுள்களை மனனம் செய்து, சொல்லைக் கேட்டு மனத்தில் உருவைக் கண்டு வரைய வேண்டும். இதை வெறும் நகலெடுப்பு என்று ஒதுக்குவது சரியல்ல.

நகலெடுப்பு என்ற பெயர் பொருந்துவது ஆங்கிலேயர் காலப் பள்ளிச் சித்திரத்துக்குத்தான். அச்சுப் படத்தைப் பார்த்து அப்படியே வரைவதே அங்கே பாடம். அந்த முறை பிரித்தானியாவிலிருந்து வந்தது. அதற்கான எதிர்ப்பும் அங்கேயே கிளம்பியது. 1912இல் டட்லி நகரப் பெண்கள் பாடசாலையில் ஆசிரியையான மரியன் ரிச்சர்ட்சன், மாணவிகளைக் கண்களை மூடச் சொல்லி ஒரு காட்சியை வாயால் விவரிப்பார். பிறகு அவரவர் உள்ளே கண்டதை அவரவர் தீட்டுவர். கேட்ட சொல் ஒன்று, வந்த படங்கள் வேறுவேறு. சில வேளை விவரிப்பும் இராது. மூடிய கண்ணுக்குள் தோன்றும் நிறமும் வடிவமுமே படமாகும். 1917இல் விமர்சகர் ரோஜர் ஃப்ரை அப்படங்களை லண்டனில் காட்சிக்கு வைத்தார்.

சொல்லிலிருந்து மனவுருவுக்கும் அதிலிருந்து கோட்டுக்கும் போகும் பாதை டட்லிக்கும் எம்பக்க அமைந்துள்ள உடுநுவரைக்கும் பொது. கண்டிச் சிறுவனுக்கு அந்தச் சொல்லை மரபு தந்தது. அவன் தனித்தன்மை வளைவின் இழுப்பிலும் இடைவெளியை நிரப்பும் விதத்திலும் தெரிந்தது. டட்லி மாணவிக்கோ எதைக் காண்பது என்பதிலேயே சுதந்திரம்.

இலங்கைப் பாடசாலைகளில் மாற்றம் 1920களில் தொடங்கியது. சித்திரப் பரிசோதகராக வந்த சி. எஃப். வின்சர் உள்ளூர்க் கலையின் பக்கம் ஆசிரியர்களைத் திருப்பினார். 1932இல் அவர் இடத்துக்கு டபிள்யூ. ஜே. ஜி. பீலிங் வந்தார். யாழ்ப்பாணத்தில் சித்திரப் பரிசோதகர் எஸ். ஆர். கனகசபை 1938இல் தொடங்கிய ஓவியக் கழகத்துக்கு வின்சரின் பெயரே சூட்டப்பட்டது. கொழும்பில் கோரா ஆபிரகாம் 1949இல் தொடங்கிய வகுப்புகளில் பிள்ளைகள் பார்த்து வரையாமல் தாங்களே எண்ணி வரைந்தார்கள்.

இன்றைய க.பொ.த. சாதாரண தரச் சித்திரப் பாடத்தில் இரண்டு வழிகளும் அடுத்தடுத்து நிற்கின்றன: தலைப்பை மட்டும் கொடுத்துக் கேட்கும் கற்பனைச் சித்திரமும், மரபுப் பூ, கொடி உருக்களால் அமையும் அலங்கார வடிவமும்.