இரு தேதிகளுக்கு இடைப்பட்ட காலம்: திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும் தரும் சான்றுகள்

திருச்சபை வரலாற்றை எழுதுவோர் தேதிகளைத் தேடிக் குறிப்பதில் மிகுந்த கவனம் செலுத்துகின்றனர். ஆயினும் ஒரு தேதிக்கும் மற்றொரு தேதிக்கும் இடைப்பட்ட காலத்தைக் கணிக்கும்போது அக்கவனம் தளர்ந்துவிடுகிறது. ஒரு போதகர் எத்தனை ஆண்டுகள் ஊழியம் செய்தார், ஓர் ஆலயம் எழுந்து எத்தனை ஆண்டுகள் நிறைந்தன என்னும் வினாக்களுக்கு எளிய கழித்தல் கணக்கே போதுமென்று எண்ணுகிறோம். அது போதாது. எந்த நாட்காட்டியின்படி அத்தேதிகள் எழுதப்பட்டன, எம்முறையில் நாட்கள் எண்ணப்பட்டன என்னும் இரண்டையும் முதலில் அறிதல் வேண்டும். இதனைத் திருச்சிராப்பள்ளியையும் திருவரங்கத்தையும் சார்ந்த மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வோம்.

1. பேராயர் ஹீபரின் ஆயுட்காலம்

கல்கத்தாவின் பேராயராயிருந்த ரெஜினால்டு ஹீபர் 1783 ஏப்ரல் 21இல் பிறந்து, 1826 ஏப்ரல் 3இல் திருச்சிராப்பள்ளியில் நீராடுகையில் திடீரென உயிர் நீத்தார். அங்குள்ள தூய யோவான் ஆலயத்தில் அவருடைய கல்லறை உள்ளது. 1826இலிருந்து 1783ஐக் கழித்தால் நாற்பத்து மூன்று கிடைக்கிறது. ஆனால் நாற்பத்து மூன்றாம் பிறந்த நாளுக்கு இன்னும் பதினெட்டு நாட்கள் இருந்தன. ஆகவே அவருக்கு நிறைந்த வயது நாற்பத்திரண்டு. நடந்துகொண்டிருந்த வயதே நாற்பத்து மூன்று.

இன்னும் நுட்பமாகப் பார்ப்போம். மாதத்திற்கு முப்பது நாள் எனக் கடன் வாங்கிக் கழிப்பவருக்கு 42 ஆண்டு, 11 மாதம், 12 நாள் என்று விடை வரும். மார்ச்சு 21 முதல் ஏப்ரல் 3 வரை செல்லும் நாட்களோ பதின்மூன்று. ஏனெனில் மார்ச்சு மாதத்திற்கு முப்பத்தொரு நாட்கள் உண்டு. மாதம் என்பது நிலையான அளவு அன்று என்பதை இது காட்டுகிறது. நிலையான அளவு நாள் ஒன்றே. வானநூலார் கி.மு. 4713 சனவரி முதல் நாளிலிருந்து இடைவிடாது எண்ணிவரும் ஜூலியன் நாளெண்ணில், ஹீபர் மறைந்த நாள் 23,88,085. பிறந்த நாள் 23,72,398. வேறுபாடு 15,687 நாட்கள். 1800ஆம் ஆண்டு நான்கால் வகுபடினும் நெட்டாண்டு அன்று என்பதை மறந்தவர் இதில் ஒரு நாள் கூட்டிவிடுவார். கிழமையைக் கொண்டு விடையைச் சோதிக்கலாம். 15,687 ஏழால் மீதியின்றி வகுபடுகிறது; அதற்கேற்பவே அவர் பிறந்ததும் திங்கட்கிழமை, மறைந்ததும் திங்கட்கிழமை.

அவர் திருச்சிராப்பள்ளியை அடைந்தது ஏப்ரல் 1, சனிக்கிழமை. மறுநாள் ஞாயிறன்று பிரசங்கித்தார். திங்கட்கிழமை காலை கோட்டை ஆலயத்தில் திடப்படுத்தல் ஆராதனையை நடத்தியபின் மரித்தார். வந்து இரண்டு நாட்கள் கழித்து மறைந்தார் என்பதும் மெய்யே. வந்த மூன்றாம் நாள் மறைந்தார் என்பதும் மெய்யே. பின்னையது தொடக்க நாளையும் சேர்த்து எண்ணும் முறை. வெள்ளிக்கிழமை சிலுவையில் அறையப்பட்ட ஆண்டவர் ஞாயிறன்று, அதாவது மூன்றாம் நாளில், உயிர்த்தெழுந்தார் என்று நற்செய்தியாளர் கூறுவதும் இம்முறையைப் பின்பற்றியே. இதனை உணராதவரே அங்கு முரண்பாடு காண்கின்றனர்.

2. 1752: ஒரே நாளுக்கு இரு தேதிகள்

மேற்கூறிய இரு தேதிகளும் ஒரே நாட்காட்டியைச் சேர்ந்தவை. ஒவ்வொரு சான்றும் இவ்வளவு எளிதாக அமைவதில்லை. கருநாடகப் போரில் பிரெஞ்சுத் தளபதி ஜாக் லா 1752 ஜூனில் திருவரங்கத் தீவில் ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். ஆங்கிலேயர் அக்காலத்தில் ஜூலியன் நாட்காட்டியையும், பிரெஞ்சுக்காரர் 1582 முதல் கிரெகோரியன் நாட்காட்டியையும் பின்பற்றினர். இரண்டிற்கும் பதினொரு நாட்கள் வேறுபாடு. ஆகையால் அதே நிகழ்ச்சி ஆங்கிலேயர் பழங்கணக்கில் ஜூன் தொடக்கத்திலும், பிரெஞ்சுக் கணக்கில் ஜூன் நடுப்பகுதியிலும் விழுகிறது. அவ்வாண்டு செப்டம்பர் 2க்கு மறுநாளை ஆங்கிலேயர் செப்டம்பர் 14 என்று எழுதினர். அதுமுதலே இரு கணக்குகளும் ஒன்றாயின.

இது போர் வரலாற்றுக்கு மட்டும் உரியதன்று. தரங்கம்பாடி டேனியருடையது, டென்மார்க்கு 1700இலேயே புதிய கணக்கிற்கு மாறிவிட்டது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் கரையிறங்கிய 1706 ஜூலை 9ஆம் நாள், சென்னை ஆங்கிலேயர் ஏட்டில் ஜூன் 28 ஆகும். தரங்கம்பாடியிலிருந்து ஜூலை 10இல் எழுதிய கடிதத்திற்குச் சென்னையிலிருந்து ஜூலை 5இல் மறுமொழி எழுதப்பட்டிருப்பின், வினாவிற்கு முன்னரே விடை பிறந்ததுபோல் தோன்றும். உண்மையில் அம்மறுமொழி ஆறு நாட்கள் பிந்தியது. எதிர்த்திசையில் சென்ற கடிதமாயின், உடனே பதிலளித்தவரும் பதினொரு நாள் தாமதித்தவராகக் காணப்படுவார். இக்கணக்கை அறியாமல் ஓர் ஊழியரைச் சோம்பேறி என்றோ, ஆவணத்தைப் பொய்யென்றோ தீர்ப்பிடுதல் மரித்தோருக்கு விரோதமாகச் சொல்லும் பொய்ச்சாட்சியே.

3. திருவரங்கத்தின் நாற்பத்தெட்டு ஆண்டுகள்

நமது நாட்டுக் காலக்கணக்கு இன்னும் நுட்பமானது. 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது வெளியே கொண்டுசெல்லப்பட்ட அரங்கநாதரின் உற்சவத் திருமேனி, 1371இல் விசயநகரத் தலைவர் கோப்பணரால் திரும்பவும் கோயிலில் எழுந்தருளச் செய்யப்பட்டது என்றும், இடைப்பட்ட காலம் நாற்பத்தெட்டு ஆண்டுகள் என்றும் வழங்குகிறது. கோப்பணரின் திருவரங்கக் கல்வெட்டு சக ஆண்டைப் 'பந்துப்ரிய' என்னும் சொல்லால் குறிக்கிறது. எழுத்துகளுக்கு எண்மதிப்புத் தரும் கடபயாதி முறையில் இதன் எழுத்துகள் 3, 9, 2, 1 ஆகும். அவற்றை வலமிருந்து இடமாகப் படித்தால் 1293.

சக ஆண்டைக் கழிந்த ஆண்டாகவும் எழுதுவர். நடப்பு ஆண்டாகவும் எழுதுவர். 1293ஐக் கழிந்த ஆண்டாகக் கொண்டால் கி.பி. 1371-72, நடப்பாண்டாகக் கொண்டால் 1370-71. கோயிலொழுகு மரபோ பரிதாபி ஆண்டு வைகாசி 17 என்கிறது. அறுபதாண்டுச் சுழற்சியில் 1371-72 விரோதிகிருது. பரிதாபி அதற்கு அடுத்த 1372-73 ஆகும். எனவே சக எண்ணை நம்பினால் நாற்பத்தெட்டு, ஆண்டுப் பெயரை நம்பினால் நாற்பத்தொன்பது. மேலும், இன்று மே மாத இறுதியில் வரும் வைகாசி 17, அக்கால ஜூலியன் கணக்கில் மே நடுப்பகுதியில் விழும். தொடக்கத்திற்கு ஆண்டு மட்டுமே கிடைக்க, இக்காலத்தை நாட்களில் கூற முற்படுவது பொருந்தாது. மூலத்தில் இல்லாத நுட்பத்தை விடையில் காட்டலாகாது.

இத்தகைய கணிப்பை எளிதாக்கியவர் தமிழ்க் கிறிஸ்தவரான எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை (1865–1925) என்பது நாம் மகிழ்ச்சியோடு நினைவுகூரத்தக்கது. 1922இல் வெளிவந்த அவருடைய பஞ்சாங்கத் தொகுதிகள், கி.பி. 700 முதல் 1799 வரையுள்ள திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றை ஐரோப்பியத் தேதிகளோடு இணைத்துக் காட்டுகின்றன.

முடிவுரை

நமது சபைகளில் நூற்றாண்டு மலர்களும் வரலாற்றுச் சிற்றேடுகளும் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றை எழுதும் குருமாரும் மாணவரும் மூன்று நெறிகளைக் கைக்கொள்வது நலம். முதலாவது, மூல ஏட்டில் உள்ள தேதியை உள்ளவாறே எழுதி, அதன் நாட்காட்டியைக் குறிப்பிடுக. இரண்டாவது, நிறைந்த ஆண்டா, நடக்கும் ஆண்டா என்பதைத் தெளிவாக்குக. 1766இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட கோட்டைக் கிறிஸ்து ஆலயத்திற்கு இருநூறாம் ஆண்டு 1965இல் தொடங்கிற்று. இருநூறு ஆண்டுகள் நிறைந்தது 1966இலேயே. மூன்றாவது, நாட்கணக்கு வேண்டுமிடத்து இரு தேதிகளையும் ஒரே தொடர் எண்ணுக்கு மாற்றிக் கழித்து, கிழமையால் சோதித்துக்கொள்க. ஞானஸ்நானப் பதிவேட்டில் நாம் இன்று எழுதும் ஒரு வரி, நூறாண்டு கழித்து ஒருவருக்குச் சான்றாகும். அதில் தேதியோடு கிழமையையும் எழுதிவைத்தால், பின்வருவோர் நம் பிழையைத் தாமே கண்டு திருத்திக்கொள்வர்.