செங்கல் இன்றி, மரம் இன்றி

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியில் உள்ள சிற்றூர் மண்டகப்பட்டு. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் அங்கே ஒரு பாறையைக் குடைந்து அயன், அரி, அரன் மூவருக்கும் கோயில் எடுத்தான். கிரந்த எழுத்தில் அமைந்த அதன் வடமொழிக் கல்வெட்டு, கோயில் எவற்றால் ஆனது என்று சொல்வதில்லை. எவை இல்லாமல் ஆனது என்றே சொல்கிறது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுதை இல்லை. ஒரு மன்னன் தன் படைப்பின் பெருமையை, விலக்கியவற்றின் பட்டியலாக எழுதிவைத்திருப்பது நம்மை நெடுநேரம் யோசிக்க வைத்தது.

அன்று மாலை செஞ்சி வழியாகத் திண்டிவனம் திரும்பும் பேருந்தில், அந்தக் கல்வெட்டைப் பற்றி மேலும் படிக்கக் கைப்பேசியில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தோம். அலைவரிசை மெலிந்த இடம். நெடுநேரம் கழித்துப் பக்கம் வந்தது. ஆனால் வரிகள் திரைக்கு வெளியே ஓடின. ஒவ்வொரு வரியையும் விரலால் இழுத்து இழுத்துப் படித்து, மூன்றாம் வரியில் கைவிட்டோம். எழுதியவர் உழைத்து எழுதியிருக்கிறார். படிக்க விரும்பியவர்களும் இருக்கிறோம். இடையில் நின்றது பக்கத்தின் கட்டுமானம். அதன் வரலாற்றைச் சற்றுப் பார்ப்போம்.

வலைப்பக்கத்தில் உரை வேறு, அதன் தோற்றம் வேறு. தோற்றத்துக்கான விதிகளைத் தனியே எழுதும் முறையை 1994 அக்டோபரில் ஹோகுன் வியும் லீ முன்மொழிந்தார். 1996 டிசம்பரில் அது சி.எஸ்.எஸ். என்ற பெயரில் தரமாக ஏற்கப்பட்டது. ஆயினும் பக்கம் அமைப்போர் பல்லாண்டுகள் அச்சுத்தாளையே மனத்தில் வைத்திருந்தனர். 800க்கு 600 திரையில் பார்க்கவும் என்ற அறிவிப்பு அக்காலத்துப் பக்கங்களின் அடியில் இருந்ததை நம் வாசகர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து விதி எழுதுவது வீண் என்று உணர்ந்தபோது ஆயத்தச் சட்டகங்கள் தோன்றின. 2007இல் புளூபிரிண்ட், 2008இல் 960 கிரிட். 960 புள்ளி அகலத்தைப் பன்னிரண்டாகவும் பதினாறாகவும் மீதியின்றிப் பகுக்கலாம் என்பதே பின்னதன் கணக்கு. ஆனால் அதற்குள் மக்கள் கையில் சிறிய திரைகள் வந்துவிட்டன. 2010 மே மாதம் ஈத்தன் மார்க்காட் ஒரு கட்டுரையில், அகலத்தைப் புள்ளிகளாக அன்றி விகிதங்களாகக் கொள்வது, படங்களைத் தம் இடத்துக்குள் சுருங்கச் செய்வது, திரையின் அகலத்தைக் கேட்டு அதற்கேற்ப விதியை மாற்றுவது என்ற மூன்றையும் ஒன்றாக இணைத்தார். அடுத்த ஆண்டே டுவிட்டரிலிருந்து பூட்ஸ்டிராப் வந்தது. எல்லாம் அடங்கிய பெருஞ்சட்டகம் அது. அதே 2011இல் டேவ் கமாச் வெளியிட்ட ஸ்கெலட்டன் எதிர்த்திசையில் சென்றது. அதன் இரண்டாம் பதிப்பு ஏறத்தாழ நானூறு வரிகளே.

அந்த நானூறு வரிகளுக்குள் என்ன இருக்கிறது? பன்னிரண்டு பத்திகள் கொண்ட ஓர் அளவுகோல்; எழுத்தின் அளவும் வரிகளின் இடைவெளியும்; பொத்தான், பட்டியல், அட்டவணை; திரையின் அகலத்துக்கேற்ற சில மாற்றங்கள். அவ்வளவே. மகேந்திரனின் தூண்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று. கீழே சதுரம், நடுவே எண்பட்டை, மேலே சதுரம். இதே அளவைத்தான் அவன் தளவானூரிலும் கையாண்டான். அங்கே தூண்களுக்கு மேலே ஒரு மகரதோரணம் கூடுதலாக வந்தது. அடிப்படை அளவு சரியாக இருந்தால் அணியைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் இச்சட்டகங்கள் ஆங்கிலச் சொல்லை அளவாகக் கொண்டு பிறந்தவை என்பதை நாம் மறந்துவிடுகிறோம். ‘எழுதிக்கொண்டிருந்தவர்களுக்காகவும்’ என்பது நமக்கு ஒரே சொல். குறுகிய பத்தியில் அது அடங்காது. உடைக்க அனுமதிக்கும் விதி இல்லையெனில் பத்தியை மீறி வெளியே நீளும். நாம் பேருந்தில் கண்டதற்கு இத்தகைய சொற்களே காரணமாக இருக்கலாம். ஆங்கிலத்துக்குப் போதுமான வரியிடைவெளியில் நம் மேல்விலங்கும் கீழ்ச்சுழியும் ஒன்றையொன்று நெருக்கும். சாய்வெழுத்து நம் எழுத்துமரபில் இல்லை. உலாவி அதைச் செயற்கையாகச் சாய்த்துக் காட்டுகிறது. ஆகவே தமிழ்ப் பக்கத்துக்குக் கூடுதல் வரியிடைவெளி, நீள்சொல்லை உடைக்கும் விதி, எழுத்தின் அளவைச் சார்ந்த பத்தியகலம் ஆகிய மூன்றும் வேண்டும். இவற்றுக்குப் பத்து வரி போதும்.

இதில் நமக்கு என்ன அக்கறை என்று இலக்கிய வாசகர் கேட்கலாம். தொண்ணூறுகளின் இறுதியில் தமிழ் இணைய இதழ்கள் தத்தமக்கென எழுத்துருவும் குறியேற்றமும் வைத்திருந்தன. அந்த எழுத்துருக்கள் வழக்கொழிந்தபோது அவற்றில் எழுதப்பட்ட கதைகளும் கட்டுரைகளும் படிக்க இயலாத குறிகளாயின. மாறாக, 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை அலங்காரமின்றி வெறும் உரையாக ஏற்றியது. பிறகு ஒருங்குறிக்கும் மாற்றியது. இன்றைய கைப்பேசியிலும் அவற்றை வாசிக்க முடிகிறது.

ஸ்கெலட்டன் போன்றவை கட்டற்ற உரிமத்தில் வந்தவை. எவரும் பிரித்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஊர்ப்புற மாணவர்களுக்குக் கணினி கற்பிக்கும் விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு போன்றவை இயங்கும் மாவட்டத்தில், தமிழுக்கேற்ற நூறு வரிச் சட்டகம் ஒன்று உருவாவது அரிய காரியமன்று. 2017 முதல் முக்கிய உலாவிகளே கட்ட அமைப்பை நேரடியாக ஏற்பதால் பத்திக் கணக்குக்கான வரிகளும் குறைந்துவிட்டன.

முதற்படியாக, நமது வலைப்பூவின் பழைய கட்டுரைகளிலிருந்து நகரும் படங்களையும் பக்கப்பட்டைகளையும் நீக்கத் தொடங்கியிருக்கிறோம். மண்டகப்பட்டுக்கும் திண்டிவனத்துக்கும் இடையே, அலைவரிசை மெலிந்த அதே சாலையில் அவற்றைத் திறந்து பார்ப்பதாக இருக்கிறோம்.