வாளைக் கழற்றிய ஓவியர்

மத்தூரிலிருந்து ஒசூர்த் தொழிற்பேட்டைக்குச் செல்லும் நம் மக்கள், கிருஷ்ணகிரிக் கோட்டை மலையைக் கடந்தே செல்கின்றனர். பாராமகால் என வழங்கப்பெற்ற இம்மண், 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலக் கும்பினியார் கைக்கு மாறியது. அப்போருக்கு வந்த தளபதிகளுள் சிலர் வாளோடு தூரிகையும் ஏந்தியவர்கள். அவர்களுள் ஒருவர் அலெக்சாந்தர் ஆலன். அவர் வரைந்த மைசூர் நாட்டுக் காட்சிகள் 1794-இல் இலண்டனில் நூலாக வெளிவந்தன.

போர்வீரனின் கண் மதிலில் பலவீனமான இடத்தைத் தேடும். ஓவியனின் கண்ணோ எதிரே இருப்பதை உள்ளவாறே காண விழையும். இவ்விரு கண்களும் ஒரே மனிதரிடம் இருந்தால் எது வெல்லும்?

1799-இல் ஆங்கிலப் படை ராயக்கோட்டை வழியாக மீண்டும் மைசூருக்குள் புகுந்தது. மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணக் கோட்டை வீழ்ந்தது. சுல்தான் அரண்மனைக்குள் இருப்பதாக எண்ணிய தளபதி பெயர்டு, மேஜர் ஆலனை வெள்ளைக்கொடியுடன் அனுப்பினார். உள்ளே இருந்தோர் அஞ்சி நடுங்கினர். அவர்தம் ஐயம் தீர, ஆலன் தம் வாளைக் கழற்றிக் கோட்டைக் காவலரிடம் வற்புறுத்திக் கொடுத்தார். பின்னர் இளவரசர்களைக் கண்டார். அவர்களுள் ஒருவர் முயிசுதீன். 1792-இல் பிணையாளியாகக் காரன்வாலிசிடம் ஒப்படைக்கப்பட்ட சிறுவர் இருவருள் இவரும் ஒருவர். அம்முகத்தை ஆலன் அடையாளம் கண்டார். நெஞ்சம் இளகியதென்று அவரே பின்னாளில் எழுதினார். அன்றிரவு தீவட்டி வெளிச்சத்தில், கோட்டை வாயிலில் குவிந்திருந்த சடலங்களிடையே, சுல்தானின் உடல் கண்டெடுக்கப்பட்டது.

வெளியே காத்திருந்த பெயர்டு யார்? 1780-இல் சிறைப்பட்டு, மூன்றரை ஆண்டுகள் இதே சீரங்கப்பட்டணத்தில் வாடியவர். பழிதீர்க்க அவருக்குக் காரணம் இருந்தது. ஆயினும் இளவரசர்களை அன்புடன் ஏற்றார்.

இதனால் கும்பினியார் நல்லவர் ஆகிவிடவில்லை. அன்றிரவே அந்நகர் சூறையாடப்பட்டது. பிறர் நாட்டைக் கவர்ந்த குற்றத்தை ஒருவரது இரக்கம் கழுவிவிடாது. எனினும் அந்த இரக்கம் பொய்யுமன்று.

நமக்கும் இதில் ஒரு படிப்பினை உண்டு. 1784-இல் மங்களூர்க் கத்தோலிக்கர்கள் ஆயிரக்கணக்கில் சிறைபிடிக்கப்பட்டுச் சீரங்கப்பட்டணத்திற்குக் கொண்டுவரப்பட்டனர். 1799-க்குப் பின், எஞ்சியோரைத் தேற்றும் பணிக்கு பிரெஞ்சு மறைப்பணியாளர் துபுவா அடிகளார் அங்குச் சென்றார். அவர்களின் துயரை நாம் மறக்கலாகாது; ஆனால் அந்நினைவைப் பகையாக வளர்ப்பதற்கு நற்செய்தியில் இடமில்லை. பகைவனின் பிள்ளையும் பிள்ளையே.

புனித இஞ்ஞாசியார் 1522-இல் மான்செராட் அன்னையின் பீடத்தில் தம் வாளை வைத்துவிட்டு வாழ்நாள் முழுதும் அதை எடுக்கவில்லை. ஆலனோ, இக்கட்டான ஒரு வேளையில் மட்டுமே கழற்றினார். அவர் புனிதர் அல்லர். பின்னாளில் கும்பினியின் இயக்குநராகி 1820-இல் மறைந்தார். ஆயினும் அந்தச் சிறிது நேரமே சில உயிர்களைக் காக்கப் போதுமானதாயிற்று.

வரப்புச் சண்டையிலும், சாதிப் பூசலிலும், உடன்பிறந்தாரின் பாகப்பிரிவினையிலும் நாமும் கூரிய சொற்களை ஏந்தி நிற்கிறோம். எதிரே நிற்பவரின் முகத்தைச் சற்றே உற்றுநோக்குவோம். கெத்சமனியில் பேதுருவின் வாளைத் தடுத்த ஆண்டவர், நம் கையையும் தடுத்தருள்வாராக.