அணாக் கழித்தலும் தசமக் கழித்தலும்

மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையில் காய் வாங்கும்போது மின்னணுத் தராசைப் பாருங்கள். ஐந்து கிலோ இருநூறு கிராம் வெங்காயத்தை அது 5.200 என்று காட்டும். அதையே பிள்ளைகள் நோட்டில் 5.2 என்று எழுதுவார்கள். மதிப்பு ஒன்றுதான். ஆனால் அதிலிருந்து 2.475 கிலோவைக் கழிக்கச் சொன்னால், விட்டுப்போன இரண்டு பூஜ்யங்களின் அருமை தெரியும்.

தாத்தா காலத்துப் பிள்ளைகளும் கடன் வாங்கித்தான் கழித்தார்கள். ஆனால் வேறு கணக்கில். கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியபோது டிக்கெட்டுக்கு அணாவில்தான் காசு கொடுத்தார்கள். 1957 ஏப்ரல் 1-இல் நயா பைசா வரும்வரை ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி.

5 ரூபாய் 3 அணா 4 தம்பிடியில் 2 ரூபாய் 7 அணா 9 தம்பிடி போனால் மீதி என்ன? 4-இல் 9 போகாது. ஓர் அணாவை மாற்றினால் 12 தம்பிடி. இருந்த 4-உடன் சேர்ந்து 16; அதில் 9 போக 7. மிஞ்சிய 2 அணாவில் 7 போகாது. ஒரு ரூபாயை மாற்றிச் சேர்த்தால் 18 அணா. 7 போக 11. ரூபாயில் 4-இல் 2 போக 2. விடை 2 ரூபாய் 11 அணா 7 தம்பிடி.

இப்போது 5.200 – 2.475. கடைசி இடத்தில் 0-இல் 5 போகாது, பக்கத்திலும் 0. பத்தில் ஒன்றாம் இடத்து 2-இலிருந்து 1 எடுத்தால் நூறில் ஒன்றாம் இடத்துக்கு 10; அதில் 1 எடுத்து மாற்றினால் அங்கே 9, கடைசியில் 10. இனி 10-இல் 5 போக 5. 9-இல் 7 போக 2. 5-இலிருந்து ஒன்றை மாற்றிச் சேர்த்தால் 11; அதில் 4 போக 7. 4-இல் 2 போக 2. விடை 2.725.

வழி இரண்டிலும் ஒன்றே. முதல் வேறுபாடு மாற்று விகிதத்தில். அணாவில் ஓரிடத்தில் 12, ஓரிடத்தில் 16. தசமத்தில் எங்கும் 10. தாளில் போடும் கணக்குக்குத் தசமமே எளிது. வாய்க்கணக்கில் அணாவுக்கும் பெருமை உண்டு: அரைக்கால் ரூபாய் அன்று முழுசாக 2 அணா, பைசாவில் பன்னிரண்டரை.

இரண்டாவது வேறுபாடே முக்கியம். அணாக் கணக்கில் ஒவ்வொரு பத்திக்கும் பெயர் உண்டு. அணாவுக்குக் கீழே தம்பிடியை யாரும் எழுதமாட்டார்கள். தசமத்தில் பெயர் மறைந்து, புள்ளியும் பூஜ்யமுமே இடத்தைக் காக்கின்றன. 5.2-க்குக் கீழே 2.475 எழுதும் பிள்ளை, 4-இல் 2-ஐக் கழித்து, 75-ஐ அப்படியே இறக்கி 3.275 என்று எழுதிவிடுவது இதனால்தான்.

‘கடன்’ என்ற சொல்லும் குழப்பும். வாங்கியதை நாம் திருப்பித் தருவதில்லையே; ரூபாயைச் சில்லறையாக மாற்றுவதைப் போன்றதுதான் இது. பாடநூல் சொல்லும் ‘இனமாற்றம்’ என்பதே சரியான பெயர்.

விகிதத்தில் தசமம் உயர்ந்தது. தெளிவில் அணா உயர்ந்தது. இரண்டின் நன்மையையும் பிள்ளைக்குத் தரலாம். கழிக்கும் முன் புள்ளிக்கு நேராகப் புள்ளி வைத்து, பூஜ்யங்களை நிரப்பி, ‘பத்தில் ஒன்று, நூறில் ஒன்று, ஆயிரத்தில் ஒன்று’ என்று இடங்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லச் செய்யுங்கள். கடைசியில் 2.725-உடன் 2.475-ஐக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தராசு காட்டிய 5.200 திரும்ப வரும்.