டைனமோவில் ஓடிய தமிழோசை

1990இல் இலங்கையில் போர் மீண்டும் மூண்டபோது, வடக்குக்குக் கொண்டுபோகக் கூடாத பொருட்களின் பட்டியலில் பற்றறியும் இருந்தது. மின்சாரமும் நின்றது. ஆனாலும் இரவானால் உலகம் என்ன சொல்கிறது என்று கேட்டாக வேண்டும், பி.பி.சி. தமிழோசையும் மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் வானொலியும்தான் நம்பிக்கை.

சைக்கிளைக் கவிழ்த்து வைப்பார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, சில்லில் உரசும் டைனமோவிலிருந்து இரண்டு வயர் வானொலிக்குப் போகும். டைனமோ தருவது ஆடலோட்டம். அதை நேரோட்டமாக்க இடையில் டையோட், கொண்டென்சர். சுற்றுகிற கை சோர்ந்தால் குரல் தேயும், வேகம் பிடித்தால் எழும்பும்.

இது சாத்தியமானதற்கு அனலொக் சமிக்ஞையின் இயல்பும் ஒரு காரணம். சிற்றலையில் பேச்சின் ஏற்ற இறக்கம் அப்படியே அலையின் வீச்சில் ஏறி வருகிறது. வழியில் இரைச்சல் கலக்கும், அலையைத் திருப்பி அனுப்பும் மேல்வளிமண்டலத்தின் நிலை மாறினால் மங்கும். ஆனால் சட்டென்று முற்றாக அறுந்துபோகாது. பாதி கேட்ட சொல்லைக் காது நிரப்பிக்கொள்ளும்.

டிஜிட்டல் அப்படியல்ல. குரலை நொடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் சுழியமும் ஒன்றுமாக்கி அனுப்புகிறது. ஓரளவு இரைச்சல் கலந்தாலும் கருவி எண்ணைச் சரியாக மீட்டுவிடும். ஒலி சுத்தமாக இருக்கும். எல்லை தாண்டினால் தேய்வே இல்லை, ஒரேயடியாக மௌனம்.

ஆனால் வெளியே சொல்வதற்கு டிஜிட்டலே கைகொடுத்தது. 2009இல் நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடைப்பட்ட முள்ளிவாய்க்கால் மணல் திட்டில் மக்கள் அடைபட்டிருந்தபோது, அங்கிருந்த அரச வைத்தியர்கள் செய்மதித் தொலைபேசியில்தான் வெளிநாட்டு ஊடகங்களிடம் பேசினார்கள். அந்தக் கருவி திறந்த வானத்தைப் பார்க்க வேண்டும். பதுங்குகுழிக்குள் இருந்தபடி பேச முடியாது. செல் விழுகிற வெளியில் நின்று பேசிய அந்தக் குரல்கள் இல்லாவிட்டால் போர் முடிந்த மே 18க்கு முந்திய நாட்களைப் பற்றி உலகுக்கு இன்னும் குறைவாகவே தெரிந்திருக்கும்.

போருக்குப் பிறகு, 2011இல், ஏ-9 வீதியோரம் கொக்காவிலில் 174 மீற்றர் தொலைத்தொடர்புக் கோபுரம் எழுந்தது. 1990இல் இராணுவ முகாம் வீழ்ந்தபோது அழிந்த ஒளிபரப்புக் கோபுரத்தின் இடம் அது. தொலைக்காட்சிக்கு ஜப்பானிய டிஜிட்டல் முறையை 2014இல் இலங்கை தேர்ந்தது. தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30இல் நின்றது. 1941இல் தொடங்கிய சேவை அது. அதைக் கேட்க வடக்கில் ஒரு டைனமோ போதுமாக இருந்தது. இணையத்தில் வரும் செய்திக்கு மின்னேற்றிய கைபேசியும் அருகே இயங்கும் கோபுரமும் வேண்டும்.