அளவு யார் கையில்?

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்போம். இந்தப் பழமொழியை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும்: அளப்பது யார்? பழமொழி உண்டவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறது. போதைப்பொருள் ஓவர்டோஸால் நேரும் சாவைத் தடுக்க அமெரிக்க மாநிலங்கள் பொதுப்பணத்தைச் செலவிட்ட வரலாறும் இந்தப் பழியோடு போராடிய வரலாறுதான்.

நலோக்சோன் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1971இலேயே ஒப்புதல் கிடைத்துவிட்டது. ஹெராயின் போன்ற அபின்வகைப் பொருள்கள் மூச்சை நிறுத்தும்போது, சில நிமிடங்களில் அதை மீட்டுத் தரக்கூடியது அது. ஆனால் நெடுங்காலம் அது மருத்துவமனைக்குள்ளும் ஆம்புலன்சிலுமே இருந்தது. சாவோ வீட்டுக் குளியலறையில் நடந்தது. 1996இல் சிகாகோவில் ஒரு தன்னார்வ அமைப்புதான் அதைப் போதை பயன்படுத்துவோர் கையிலேயே கொடுக்கத் தொடங்கியது. அரசு பின்னால் வந்தது.

அதற்கு முன்பே அரசு வேறொரு வழியில் பணத்தைச் செலவிட்டுக்கொண்டிருந்தது. தென் கரோலினா மாநிலத்தின் சார்ல்ஸ்டனில், 1989 முதல், ஓர் அரசு மருத்துவமனை கர்ப்பிணிகளின் சிறுநீரில் கொக்கேய்ன் இருக்கிறதா என்று சோதித்து, முடிவைக் காவல்துறையிடம் கொடுத்தது. கைதானவர்களில் ஏறத்தாழ எல்லாரும் கறுப்பினப் பெண்கள். பேறுகாலம் பார்க்க வேண்டிய இடமே அவர்களைக் காட்டிக்கொடுத்தது. பெண்களின் சம்மதமின்றிக் காவல்துறைக்காக இப்படிச் சோதிப்பது அரசமைப்புக்கு மாறானது என்று உச்சநீதிமன்றம் சொல்ல 2001 ஆகிவிட்டது.

அதே 2001இல், நலோக்சோன் கொடுத்து உயிரைக் காப்பாற்றும் சாதாரண மனிதர்களுக்குச் சட்டப் பாதுகாப்புத் தந்த முதல் மாநிலமானது நியூ மெக்சிகோ. 2007இல், உதவி கேட்டு அழைப்பவர்மேல் போதைப்பொருள் வைத்திருந்ததாக வழக்குப் போடக் கூடாது என்றும் சட்டம் செய்தது.

மாசசூசெட்ஸ் இன்னொரு படி சென்றது. 2006இல் பாஸ்டன் நகரமும், அடுத்த ஆண்டு மாநிலச் சுகாதாரத் துறையும், போதை பயன்படுத்துவோருக்கும் அவர்களது குடும்பத்தாருக்கும் பயிற்சி தந்து மருந்தையும் வழங்கின. 19 ஊர்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, பயிற்சி அதிகம் நடந்த இடங்களில் ஓவர்டோஸ் சாவு விகிதம், பயிற்சியே நடக்காத நிலையோடு ஒப்பிட, 46 விழுக்காடு குறைவு என்று காட்டியது. பொதுப்பணம் உயிராக மாறியதற்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் பணம் பெண்களை எட்டியதா? வலி மாத்திரைகளால் இறந்த பெண்களின் எண்ணிக்கை 1999க்கும் 2010க்கும் இடையே ஐந்து மடங்குக்கு மேல் கூடியது. ஆண்களின் சாவு கூடிய வேகத்தைவிட இது அதிகம். மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை அது. அங்கே அளந்தவர் அவள் அல்லள். ஃபெண்டனில் கலந்த கள்ளச் சரக்கு பரவியபின், தான் எடுப்பது எவ்வளவு என்று எடுப்பவருக்கே தெரியாது.

டென்னசி மாநிலம் 2014இல் நலோக்சோனைப் பரவலாக்கச் சட்டம் செய்தது. அதே ஆண்டு, போதை பயன்படுத்திய கர்ப்பிணியின் குழந்தை பாதிக்கப்பட்டால் தாயைச் சிறைக்கு அனுப்பும் சட்டத்தையும் செய்தது. பின்னது 2016இல் காலாவதியானது. ஒரே அரசு, ஒரு கையால் மூச்சைக் கொடுத்து மறுகையால் விலங்கை நீட்டியது.

இப்போது பணம் நிறைய இருக்கிறது. ஒரு மருந்து நிறுவனமும் மூன்று பெரிய விநியோக நிறுவனங்களும் மாநிலங்களோடும் உள்ளாட்சிகளோடும் செய்துகொண்ட உடன்பாடு 2022இல் உறுதியானது. அதன் மதிப்பு 2,600 கோடி டாலர் வரை. இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 1998இல் புகையிலை நிறுவனங்களிடமிருந்து மாநிலங்கள் பெற்ற இழப்பீட்டில் சிறு பங்குதான் புகைத் தடுப்புக்குப் போனது. அந்த அனுபவத்தால், இம்முறை பெரும்பகுதியை இந்தச் சிக்கலுக்கே செலவிட வேண்டும் என்று உடன்பாட்டிலேயே எழுதிவைத்தார்கள்.

எழுதியது நடக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி உண்டு. ஒரு வீட்டில் கணவனோ தோழியோ மூச்சின்றிக் கிடக்கிறார். அடுத்த அறையில் குழந்தை தூங்குகிறது. ஆம்புலன்சை அழைத்தால் கைது இல்லை என்று சட்டம் சொல்கிறது. குழந்தையைப் பறிக்கமாட்டோம் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அந்தப் பெண் தயங்காமல் தொலைபேசியை எடுக்கும் நாளில்தான், ஒதுக்கிய பணம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சேர்ந்தது என்று சொல்லலாம்.